முதலில் மீன் ஆயட்டும், சோறு வடிப்பது பிறகு

வெந்த புண்ணோடு எங்கள் மருத்துவமனையின் கட்டுக்கட்டும் அறைக்கு வரும் பிள்ளைகளில் பலர் விளையாடப் போய்ச் சுட்டுக்கொண்டவர்கள் அல்லர். வீட்டு வேலை செய்தவர்கள். சோற்றை வடிக்கச் சொன்னார்கள், வடித்தார்கள். தேநீரை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள், தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கூட வரும் தாயிடம், "பிள்ளைக்குச் சமையல் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா அம்மா?" என்று கேட்டால், "சின்னப் பிள்ளை சிஸ்டர், கத்தியைக்கூடத் தொட விடமாட்டோம்" என்று பதில் வரும்.

கோளாறு அந்தப் பதிலில்தான் இருக்கிறது. கத்திக்குப் பயப்படுகிறோம், கொதிக்கும் கஞ்சிக்குப் பயப்படுவதில்லை. விரலில் பட்ட சிறு வெட்டு ஒரு வாரத்தில் ஆறிவிடும். தொடையில் கொட்டிய கஞ்சியின் தழும்பு அப்படியல்ல. பிள்ளை வளரும், தழும்பு கூடவே வளராது. மூட்டை இழுத்துப் பிடிக்கும். ஆபத்து குறைந்த வேலையைத் தடுத்துவிட்டு, ஆபத்து மிகுந்த வேலையை 'சின்ன உதவி' என்று கையில் கொடுக்கிறோம்.

'அடுப்படிப் பக்கமே போகாதே' என்று சொல்லிவிட்டால் தீர்ந்ததா? இந்தக் கரையில் அது நடக்கிற காரியமில்லை. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து வீடுகளில் விடியுமுன்பே தாய் மீன் ஏலத்துக்குப் போயிருப்பார், அல்லது பாசி எடுக்கக் கடலில் இறங்கியிருப்பார். பள்ளி நாளென்றால் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும், மதியத்தில் சத்துணவும் கிடைத்துவிடுகிறது. சனி, ஞாயிறில் வயிறு பசித்தால் பானையைத் திறப்பது மூத்த பிள்ளைதான். தம்பி தங்கைக்கும் சேர்த்து அடுப்பைப் பற்றவைக்கும். ஆளில்லாத வேளையில் தானாகக் கற்றுக்கொள்வதைவிட, நாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கற்றுக்கொள்ளட்டும்.

தொடங்க வேண்டிய இடம் அடுப்பல்ல, மீன் கழுவும் கல். ஏழெட்டு வயதுப் பிள்ளை காரல், சூடை போன்ற சிறு மீன்களைத் தாராளமாக ஆயலாம். செதிலைக் கல்லில் உரசி எடுப்பது, செவுளைக் கிள்ளுவது, வயிற்றைக் கீறிக் குடலை எடுப்பது எல்லாம் தீயில்லாத வேலை. அரிவாள்மனை பத்து வயதுக்குப் பிறகு வரட்டும். அதுவரை கத்தரிக்கோலும் சிறு கத்தியும் போதும். கெளுத்தியையும் திருக்கையையும் மட்டும் பெரியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கெளுத்தியின் முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால் இரத்தத்தைக் கழுவிவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் கையை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருந்தால் கடுப்பு அடங்கும். சூட்டைச் சோதிக்கக் குத்துப்பட்ட கையை விடக்கூடாது. வலியில் அதற்குச் சூடு சரியாகத் தெரியாது, மற்றக் கையை விட்டுப் பாருங்கள். முள் உள்ளே முறிந்திருந்தால் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

மீனை ஆயும்போதே நல்ல மீனைப் பார்க்கவும் பழக்கலாம். செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் குழிந்துவிட்டதா, விரலால் அமுக்கினால் பள்ளம் நிரம்புகிறதா? சூரை, சாளை, கானாங்கெளுத்தி மூன்றிலும் கூடுதல் கவனம் வேண்டும். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரித்து, தலைவலியோடு வருவார்கள். 'மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லிப் பிள்ளைக்கு மீனையே நிறுத்திவிட்ட வீடுகளும் உண்டு. பல வேளை மீன் மேல் பழியில்லை, அது கிடந்த வெயில் மேல்தான்.

மிளகாயையும் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான். ஆனால் அதைக் கிள்ளிய கையால் கண்ணைக் கசக்கிய பிள்ளைக்கு அந்தப் பெருமை புரியாது. கையில் எரிச்சல் என்றால் முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வெறும் தண்ணீருக்குக் காரம் சட்டென்று போகாது. கண்ணில் பட்டால் எண்ணெய் வேண்டாம். நல்ல தண்ணீரை மட்டும் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள்.

இப்போது சோற்றுப் பானை. வடிப்பதைச் சற்று நின்று கவனித்துப் பாருங்கள். பானை வாயில் மூடியை வைத்து, இரு பக்கமும் பிடிதுணியால் மூடியையும் விளிம்பையும் சேர்த்துப் பிடித்துச் சாய்க்கிறோம். முதல் கஞ்சி விழும்போதே ஆவி மணிக்கட்டில் அடிக்கும். துணி நனைந்தால் சூடு நேரே விரலுக்கு ஏறும். பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருப்பார். பிள்ளை ஒரு விரலை எடுக்கும், மூடி நழுவும், அவ்வளவுதான். விறகடுப்பு வீடென்றால் பிள்ளை குந்தி உட்கார்ந்து வடிக்கும், கொட்டுவது மடியில். 60 டிகிரிச் சூடுள்ள நீரே சிறுவர் தோலைச் சில நொடிகளில் வேகவைத்துவிடும். வடிகஞ்சி அதைவிட எவ்வளவோ சூடு, மாவுப் பசையோடு தோலில் ஒட்டியும் நிற்கும்.

ஆகவே வடிப்பதைக் கடைசிப் பாடமாக வையுங்கள். பானையைத் தனியாகத் தூக்கும் பலமும் உயரமும் வரும்வரை, என் கணக்கில் பதின்மூன்று பதினான்கு வயது வரை, அந்த வேலை பெரியவர்களுடையது. அதற்காகப் பிள்ளை சோறாக்கக் கூடாது என்பதில்லை. அளந்து தண்ணீர் விட்டு வடிக்காமல் பொங்கட்டும். பச்சரிசிக்கு இரண்டு பங்கு, புழுங்கலுக்கு மூன்று பங்கு தண்ணீர் என்று தொடங்கி, அரிசிக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். சோறு கொஞ்சம் குழையும். குழைந்த சோற்றில் மீன் குழம்பு நன்றாகவே சேரும் என்பது என் கட்சி. என் வீட்டில் இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

நம் ஊர்க் காற்றையும் மறந்துவிடக் கூடாது. கேஸ் அடுப்பின் தீயை அது சத்தமில்லாமல் அணைத்துவிடும், கேஸ் கசிந்துகொண்டே இருக்கும். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், குமிழை மூடி, கதவைத் திறந்துவிட்டு வெளியே வர வேண்டும். கசிவைச் சொல்ல 1906 என்ற எண் இருக்கிறது. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே பிள்ளைக்கு இது தெரிந்திருக்கட்டும். துப்பட்டாவை முடிந்துகொள்வது, நைலான் நைட்டியோடு விறகடுப்பின் முன் உட்காராதது, தீப்பிடித்த எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்து மூடியால் மூடுவது ஆகியவையும் அப்படியே.

இவ்வளவுக்குப் பிறகும் சுட்டுக்கொண்டால்? ஓடும் நீரில் இருபது நிமிடம். இதைச் சொன்னால் இங்கே பலர் தயங்குகிறார்கள். குடம் கணக்கில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் ஊரில் தயக்கம் வரத்தான் செய்யும். குடிநீர்தான் வேண்டும் என்பதில்லை. வீட்டுக் கிணற்றின் தெளிந்த நீரைச் செம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாலும் போதும். உடனே செய்ய முடியாமல் போயிருந்தாலும் மூன்று மணி நேரத்துக்குள் ஊற்றினால் பலனுண்டு. புண்ணை மட்டும் குளிர வைத்து, உடம்பின் மற்றப் பகுதியைப் போர்த்திவிடுங்கள். வீங்குவதற்குள் வளையல், மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. பற்பசை, மை, முட்டை, மாவு எதையும் பூசாதீர்கள். எங்களுக்கு முதல் வேலை அவற்றைச் சுரண்டி எடுப்பதாகிவிடுகிறது, அந்த வலியும் பிள்ளைக்குத்தான். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான பருத்தித் துணியால் மூடிக் கொண்டுவாருங்கள். விரல்களோடு சேர்ந்த பிள்ளையின் உள்ளங்கை அதன் உடம்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. புண் அதைவிடப் பெரிதானாலும், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் எவ்வளவு சிறிதானாலும் காத்திருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள்.

இதுவரை 'பிள்ளை' என்றே எழுதியிருக்கிறேன். படித்தவர்களில் பலர் மகளை நினைத்திருப்பீர்கள். இரவு தங்கிவரும் விசைப்படகில் சோறாக்குவது யார்? ஆண்தான். ஆடும் படகில் குழம்பு வைக்கத் தெரிந்த மனிதரின் மகன், வீட்டில் தட்டைக்கூட எடுத்துவைப்பதில்லை. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கோடை விடுமுறையும் பெரும்பாலும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. அப்பாமார்கள் மகனையும் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படகுக் குழம்பைக் கூட்டக் கற்றுக்கொடுக்கலாம். புளி கரைப்பதும் மீன் ஆய்வதும் பிள்ளைகள் பாடு. சோற்றுப் பானையை மட்டும் நீங்கள் வடித்துவிடுங்கள்.