கூட்டுநிதி அல்ல, திரள்நிதி

"மின்னணுவியல் ஆர்வலர்களுக்கான திறந்த சமிக்ஞை மின்னாக்கி, புரவலர்களின் உறுதிமொழிகளால் கூட்டுநிதி இலக்கை எட்டியது." இந்த மாதிரி வாக்கியங்கள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. பெரும்பாலும் தமிழ்ச் சொற்கள்தான், ஆனால் படித்து முடித்தால் என்ன நடந்தது என்று புரியாது. இதில் என்னை அதிகம் உறுத்துவது, பலரிடம் இணையத்தில் பணம் திரட்டி ஒரு பொருளைச் செய்யும் க்ரவுட்ஃபண்டிங்குக்கு வைத்த கூட்டுநிதி என்ற சொல். மின்னாக்கி, புரவலர் வகையறாவுக்கு அப்புறம் வருகிறேன்.

க்ரவுட்ஃபண்டிங் என்பது 2006இல் பிறந்த சொல். அந்த ஆண்டு ஜூனில் பத்திரிகையாளர் ஜெஃப் ஹவ் அமெரிக்காவின் வயர்டு இதழில், ஒரு வேலையைப் பொதுமக்கள் பலரிடம் விட்டுச் செய்துகொள்வதைக் குறிக்கும் க்ரவுட்சோர்சிங் என்ற சொல்லைப் பரப்பினார். அதே ஆண்டிலேயே அதே அச்சில் இதுவும் வார்க்கப்பட்டது. க்ரவுட் என்றால் கூட்டம். ஃபண்ட் லத்தீனின் ஃபுண்டுஸிலிருந்து வந்தது. அடித்தளம், நிலம் என்று பொருள். வேர்ச்சொல்லால் இதற்கு மேல் வெளிச்சம் கிடைக்காது. நடக்கிற செயல் என்ன என்று பார்ப்போம்.

எஸ்போடெக் லாப்ரடார் என்று ஒரு சின்னப் பலகை உண்டு. கணினியின் யுஎஸ்பியில் செருகினால் அலைகாட்டி (ஆசிலோஸ்கோப்), அலையாக்கி (ஃபங்ஷன் ஜெனரேட்டர்), மின்வழங்கி (பவர் சப்ளை), லாஜிக் அனலைசர், மல்டிமீட்டர் என ஐந்து வேலை செய்யும். அலையாக்கியில் இரண்டு சேனல், நொடிக்கு 10 லட்சம் மாதிரிகள், அதாவது அலையின் மேல் 10 லட்சம் புள்ளிகள். அலைகாட்டியில் நொடிக்கு 7.5 லட்சம். ஆய்வகக் கருவிகளோடு வைத்துப் பார்த்தால் மெதுவானதுதான். ஆனால் வீட்டில் கட்டிய ஆடியோ ஆம்ப்ளிஃபயருக்குள் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை அனுப்பி, ஒலியைக் கூட்டக் கூட மறுமுனையில் அலையின் உச்சி எந்த இடத்தில் தட்டையாகிறது என்று பார்க்க இது தாராளம். பணம் திரட்டியபோது விலை 30 டாலருக்கும் குறைவு. சுற்றுப்படம், ஃபர்ம்வேர் (பலகைக்குள்ளேயே ஓடும் நிரல்), மென்பொருள் எல்லாம் திறந்தவை, யாரும் எடுத்துக்கொள்ளலாம். இதன் தயாரிப்புக்கான பணம் க்ரவுட் சப்ளை என்ற க்ரவுட்ஃபண்டிங் தளத்தில் திரட்டப்பட்டது.

எதற்குப் பணம்? மேசையில் ஒரு பலகையைப் பற்றவைப்பது வேறு, ஆயிரம் பலகை செய்வது வேறு. சில்லுகளை ரீல் கணக்கில் வாங்க வேண்டும். சில்லுகள் உட்காரும் வெற்றுப் பலகையான பிசிபிக்கு, பொருத்தித் தரும் ஆலைக்கு, ஒவ்வொரு பலகையையும் பிடித்து வைத்துச் சோதிக்கும் ஜிக்குக்கு எல்லாம் முன்னாலேயே பணம் வைக்க வேண்டும். வங்கி இதற்கெல்லாம் எளிதில் கடன் தராது. ஆகவே கருவி வேண்டும் என்கிறவர்களிடமே முன்பணம் வாங்கி முதல் தொகுதியைச் செய்கிறார்கள். பணம் தருபவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். எந்த முடிவும் எடுக்காதவர்கள்.

இதைக் கூட்டுநிதி என்றால் எப்படிப் பொருந்தும்? தமிழில் கூட்டு என்ற அடைமொழி சும்மா வந்து ஒட்டுவதில்லை. கூட்டுக் குடும்பம், கூட்டுறவுச் சங்கம், கூட்டுப் பட்டா, கூட்டுப் பங்கு நிறுவனம் என்று எதை எடுத்தாலும் உரிமையோ பொறுப்போ பலருக்கும் பொதுவாகிறது. கூட்டுப் பட்டாவில் பெயர் ஏறிவிட்டால் நிலத்தில் உங்களுக்குப் பாத்தியதை உண்டு. லாப்ரடாருக்கு முன்பணம் தந்தவருக்கு எதில் பாத்தியதை? நிறுவனத்தில் பங்கு இல்லை, லாபத்தில் சல்லிக்காசு இல்லை. வடிவமைப்பிலாவது உண்டா என்றால், திறந்த வன்பொருளில் அதுவும் வேடிக்கைதான். சுற்றுப்படம் ஒரு காசு தராதவருக்கும் அதே அளவு சொந்தம். அவரும் இறக்கிக்கொண்டு தானே பலகை அடித்துக்கொள்ளலாம். பணம் தந்தவருக்குத் தனியாகக் கிடைப்பது தபாலில் வரும் ஒரு பலகை மட்டுமே. கூட்டு என்ற சொல் தருகிற நம்பிக்கையில் எதுவுமே இங்கே இல்லை. போதாக்குறைக்கு, மியூச்சுவல் ஃபண்டுக்கு நல்ல தமிழ் தேடினால் முதலில் கைக்கு வந்து சேரும் சொல்லும் கூட்டுநிதிதான். அது அங்கேயே இருக்கட்டும், அங்கேதான் அதற்கு வேலை.

பங்கு தந்தே பணம் திரட்டும் வகையும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. அதைத் திரள்முதல் என்று தனியே பிரிப்பதே நல்லது. அதில் போடுவது முதல், எதிர்பார்ப்பது லாபம்.

அடுத்த மொழிபெயர்ப்பு நன்கொடை. 1885இல் சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்காக ஜோசப் புலிட்சர் தன் நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் வேண்டுகோள் விடுத்தார். ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகக் கொடுத்தவர்கள். அவர்களுடைய பெயர் பத்திரிகையில் வந்தது, வேறு ஒன்றும் கைக்கு வரவில்லை. அது நன்கொடை. இங்கே கொடுப்பவர் பலகைக்காகக் காத்திருக்கிறார். ஆறு மாதம் தாமதமானால் காரசாரமாக எழுதுகிறார். நன்கொடை தந்தவர் அப்படி எழுதுவாரா?

சரி, அப்படியானால் இது வியாபாரமா? அதுவும் இல்லை. இன்னொரு க்ரவுட்ஃபண்டிங் தளமான கிக்ஸ்டார்ட்டரின் நிறுவனமே 2012இல் தன் தளம் கடை அல்ல என்று தலைப்புப் போட்டு அறிவித்தது. அங்கே இலக்குத் தொகை எட்டாவிட்டால் யாரிடமும் பணம் எடுக்க மாட்டார்கள். எட்டிவிட்டால், பொருள் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. அமெரிக்கப் பேராசிரியர் ஈதன் மாலிக் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டிய திட்டங்களில் 9 சதவீதம் சொன்ன பொருளைத் தராமல் போயிருந்தன. வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது இந்தத் தொழிலிலும் உண்டு. நம்பியிருந்த சில்லு சந்தையிலிருந்து காணாமல் போனால் போதும்.

மொய் என்றே சொல்லலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்குக் கொஞ்சம் ஆசை வந்தது உண்மை. மொய்த்தல் என்றாலே நெருங்கித் திரளுதல். க்ரவுட் என்ற பொருளும் பணம் என்ற பொருளும் ஒரே எழுத்துக்களில் உட்கார்ந்திருக்கின்றன. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்துகளில் தொழில் தொடங்கும் அளவுக்குப் பணம் சேர்வதும் உண்டு. ஆனால் மொய் நோட்டில் எழுதிய பணம் திரும்பப் பணமாகவே போயாக வேண்டும், அதுவும் கூடுதலாக. லாப்ரடார் செய்தவர் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுத வரப்போவதில்லை. விட்டுவிடுவோம்.

மிஞ்சுவது திரள்நிதி. திரள் என்பது பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். மக்கள் திரள்கிறார்கள், பணத்தைத் திரட்டுகிறார்கள். தன்வினைக்கும் பிறவினைக்கும் இடையே உள்ள அந்த ஒரு திருப்பத்தில்தான் இந்த முறையே இயங்குகிறது. திரளில் பாத்தியதை இல்லை, திரண்டவர்களுக்குள் ஒப்பந்தம் இல்லை, வேலை முடிந்ததும் கலைந்துபோகலாம். திரள்நிதி கட்சி மேடைகளில் புழங்கிய சொல் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கட்சிக்காரர்கள் தொட்ட சொல்லையெல்லாம் ஒதுக்கினால் நமக்குப் பேசவே சொல் மிஞ்சாது. நிதி வடசொல் ஆயிற்றே என்பவர்கள் திரள்பணம் என்று சொல்லிக்கொள்ளட்டும். அப்பர் தேவாரத்திலேயே புழங்கிய சொல்லை இன்று வெளியேற்ற எனக்கு மனம் வரவில்லை.

இனி மற்றவை. முப்பது டாலர் தந்தவரைப் புரவலர் என்பது பாரி வள்ளலுக்குச் செய்யும் அவமரியாதை. முன்பணம் தந்தவர் என்றால் போதும். ப்ளெட்ஜை உறுதிமொழி என்கிறார்கள். உறுதிமொழி என்றால் பள்ளிக்கூட மைதானத்தில் வலது கையை நீட்டி எடுப்பது. இவர் தந்தது வங்கி அட்டை எண். தபாலில் வரும் பலகையை வெகுமதி என்கிறார்கள், ஏதோ அரசர் பொற்கிழி தருவது போல! அகராதியில் முதலில் வரும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு எழுந்துபோவதுதான் இப்போது மொழிபெயர்ப்பு என்று ஆகிவிட்டது.

இதன் உச்சம் ஃபங்ஷன் ஜெனரேட்டர். இதைச் செயல்பாட்டு மின்னாக்கி என்று எழுதியிருந்ததை ஒரு கையேட்டிலேயே பார்த்தேன். அந்த ஃபங்ஷன் செயல்பாடு அல்ல, கணக்கில் வரும் சார்பு. சைன், சதுரம், முக்கோணம் என்று நேரத்தைச் சார்ந்து மாறும் மின்னழுத்தத்தை அந்தக் கருவி தருகிறது. மின்னாக்கியும் தப்பு. மின்சாரம் போனால் கடை வாசலில் புகை கக்கி ஓடுவதுதான் மின்னாக்கி. இந்தக் கருவி ஆக்குவது அலையை, ஆகவே அலையாக்கி. பக்கத்தில் அலைகாட்டி இருக்கிறது. ஒன்று ஆக்குகிறது, மற்றது காட்டுகிறது. பள்ளி மாணவனுக்கும் விளக்கவுரை தேவைப்படாது. சென்னையில் மின்னணுப் பொருள் விற்கும் ரிச்சி தெருவில் போய்க் கேட்பதானால் மட்டும் ஃபங்ஷன் ஜெனரேட்டர் என்றே கேளுங்கள். செயல்பாட்டு மின்னாக்கி என்று கேட்டால் டீசல் செட் விற்கும் கடைக்கு வழி சொல்லிவிடுவார்கள்.