ஆதரவு நின்ற மென்பொருளுக்கு என்ன நேர்கிறது?

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் காரியாலயமொன்றில் செக்ரோல் (தொழிலாளரின் வேலை, சம்பளப் பதிவேடு) கணக்கு கணினிக்கு மாறியதும், கொழுந்து மடுவத்தில் நிறுத்த கிலோ, ஆளுக்குப் போட்ட பேர் (ஒரு நாள் வேலைப் பதிவு), முற்பணக் கழிவு, ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி தரும் 8 சதவீதம், தோட்டம் தரும் 12 சதவீதம் என எல்லாம் ஒரே மென்பொருளுக்குள் போய்ச் சம்பளத் துண்டாக வெளிவருகின்றன. அந்த மென்பொருளுக்கோ அதைத் தாங்கும் இயங்குதளத்துக்கோ தயாரிப்பாளர் ஆதரவை, அதாவது திருத்தங்களும் உதவியும் தருவதை, நிறுத்தினால் மறுநாள் எதுவும் நின்றுவிடுவதில்லை. விண்டோஸ் 10 இற்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்த பின்னரும் அந்தக் கணினிகள் முன்போலவே இயங்கின. அதனால்தான் பலரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எந்த மென்பொருளிலும் இன்னும் கண்டுபிடிக்கப்படாத பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கும். ஒன்று தெரியவந்தால், ஆதரவுள்ள பதிப்புகளுக்கு மட்டும் தயாரிப்பாளர் திருத்தம் வெளியிடுவார். தாக்குபவர்கள் திருத்தத்துக்கு முந்திய கோப்பையும் பிந்திய கோப்பையும் ஒப்பிட்டு, எந்த வரிகள் மாறியுள்ளன என்று பார்த்தே ஓட்டை இருந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். புதிய பதிப்பின் நிரலில் பெரும்பகுதி பழையதிலிருந்து வந்ததாகையால் அதே ஓட்டை பழையதிலும் இருக்கக்கூடும். அங்கே அதை அடைக்க எவரும் இல்லை. ஆகவே புதிய பதிப்புக்கு வரும் ஒவ்வொரு திருத்தமும் பழையதன் ஆபத்தைக் கூட்டுகிறது.

2017 மார்ச்சில் மைக்ரோசொப்ட் கோப்புப் பகிர்வு ஓட்டையொன்றை அடைத்தது. 2014 இலேயே ஆதரவை இழந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு அந்தத் திருத்தம் பொதுவில் கிடைக்கவில்லை. மே 12 அன்று வன்னாகிரை என்ற தீநிரல் (கேடு செய்யும் நிரல்) அதே ஓட்டை வழியாகப் பரவி, கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்ட பிறகே எக்ஸ்பிக்கும் விதிவிலக்காக அது வெளியிடப்பட்டது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை, திருத்தம் கிடைத்தும் அதைப் போடாமல் விட்ட விண்டோஸ் 7 கணினிகள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கணக்கு மென்பொருளில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் அடிப்படை 900, கொடுப்பனவு 100 என 1000 ரூபாயாக்கப்பட்டது. இத்தகைய தொகைகள் மாற்றக்கூடிய அட்டவணையில் இருந்தால் கிளாக்கரே மாற்றிவிடலாம். நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டு, மூல நிரல் தயாரிப்பாளரிடம் மட்டும் இருந்தால் கிளாக்கரால் ஒன்றும் செய்ய முடியாது. வித்தியாசத்தை எக்செல் தாளில் தனியாகக் கணக்கிடத் தொடங்குவார். அன்றிலிருந்து மென்பொருள் ஒரு தொகையையும் சம்பளத் துண்டு வேறொரு தொகையையும் காட்டும். ஒரு தொழிலாளி ஓய்வுபெறும்போது கைக்கு வரும் சேமலாப நிதி இந்தப் பதிவுகளை நம்பியே இருக்கிறது; அதில் ஒரு ரூபாய்கூடப் பிசகக்கூடாது.

எனவே பழைய மென்பொருள் இன்னும் திறக்கும் காலத்திலேயே தரவுகளை எந்த மென்பொருளாலும் வாசிக்கக்கூடிய சாதாரண உரைக் கோப்புகளாக வெளியே எடுத்துவிட வேண்டும். அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டிப்பது நல்லது. ஆனால் பென் டிரைவ் வழியாகவும் தீநிரல் நுழையும். எடுத்த கோப்பின் மாத மொத்தத்தை அச்சிட்ட செக்ரோலுடன் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போன பின்னரே பழைய கணினியை ஒதுக்க வேண்டும்.