கணக்கு வராதென்று சைக்காலஜிக்கு வராதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலே போதும், சிகிச்சைக்கு வருகிறவர்களுக்குச் சமமாக அட்மிஷன் விசாரிக்க வருகிறவர்களும் என் கிளினிக் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் சைக்காலஜி வேண்டும், அதிலும் பெண் பிள்ளைகள் என்றால் லேடி ஸ்ரீராம் கல்லூரி. ஆசைப்படட்டும், தப்பில்லை. ஏன் சைக்காலஜி என்று கேட்டால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. போன வாரம் வந்த ஒரு அப்பா, பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "இவளுக்கு மேத்ஸ் வராதுங்க மேடம், சயின்ஸும் பிடிக்காது, அதான் இது" என்றார். இதே வசனத்தை இந்த சீசனில் இன்னும் எத்தனை பேரிடம் கேட்கப்போகிறேனோ.

சேருவதற்கு மேத்ஸ் தேவையில்லை, உண்மைதான். பிளஸ் டூவில் சைக்காலஜி படித்திருக்கவும் வேண்டாம். ஆனால் உள்ளே போனதும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் உட்கார்ந்திருக்கும். சராசரி, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு), கோரிலேஷன், டி-டெஸ்ட், அனோவா என்று வரிசையாக வரும். எம்.ஏ.வுக்குப் போனால் இன்னும் கொஞ்சம், ஆராய்ச்சி என்றால் முழுக்க அதுதான். "அதெல்லாம் பாஸ் பண்ணா போதாதா, அப்புறம் பேஷண்ட்கிட்ட பேசறதுதானே வேலை" என்கிறார்கள். போதாது. பெரும்பாலான நுண்ணறிவுச் சோதனைகளில் சராசரி 100, திட்ட விலக்கம் 15. அதனால்தான் 70 என்பது அறிவுத்திறன் குறைபாட்டுக்கான ஒரு எல்லைக்கோடு, சராசரியிலிருந்து இரண்டு விலக்கம் கீழே. என் முன்னால் இருக்கும் குழந்தைக்கு 68 வருகிறது. அதே குழந்தை காய்ச்சல் இல்லாத நாளில், பயப்படாமல் உட்கார்ந்திருந்தால் 73 வந்திருக்குமா? எந்தச் சோதனைக்கும் அளவீட்டுப் பிழை உண்டு, அது எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரியாதவர் அந்த 68ஐக் கல்வெட்டு மாதிரி எழுதிக் கொடுத்துவிடுவார். அந்தத் தாளை வைத்துத்தான் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ், உதவித்தொகை, எந்தப் பள்ளி என்பதெல்லாம் முடிவாகும். எண்ணைக் கண்டு ஓடுகிறவர் கையில் அந்தத் தாளைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

"எல்லாரும் அவங்க பிரச்சனையை என்கிட்டதான் சொல்வாங்க" என்பது இரண்டாவது வசனம். நல்ல குணம். எங்கள் ஊர் சலூன்காரரிடமும் சொல்கிறார்கள். நேர்காணல் உள்ள கல்லூரிகளில் இந்த வரியோடு ஆரம்பிக்காதீர்கள், கேட்டுக் கேட்டு அவர்களுக்குச் சலித்துவிட்டது. "செல்போன் அதிகம் பார்க்கும் பிள்ளைகள் மனச்சோர்வாக இருக்கிறார்கள் என்று ஒரு செய்தி வருகிறது, செல்போனால் சோர்வா, சோர்வாக இருப்பதால் செல்போனா, எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று கேட்டால் இரண்டு நிமிடம் யோசித்துப் பேசத் தெரிய வேண்டும். சரியான விடை வேண்டாம், யோசிப்பது தெரிந்தால் போதும்.

போட்டி எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? 2020-இல் லேடி ஸ்ரீராம் கல்லூரியில் சைக்காலஜிக்கு முதல் கட்-ஆஃபே 100 சதவீதம். 2022 முதல் க்யூட் (CUET) என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத்தேர்வு வந்துவிட்டதால் பிளஸ் டூ மார்க் தகுதிக்குத்தான், சீட் கிடைப்பது க்யூட் மதிப்பெண்ணில். 2025-இல் இருந்த முறைப்படி ஒரு பாடத்துக்கு 50 கேள்வி, 60 நிமிடம், சரிக்கு 5, தப்புக்கு ஒன்று கழியும். தமிழிலும் எழுதலாம். பாடத்திட்டம் என்.சி.இ.ஆர்.டி. என்பதால் நம் ஸ்டேட் போர்டு பிள்ளைகள் அந்தப் புத்தகங்களை வாங்கி ஒருமுறையாவது முழுசாகப் படித்துவிட வேண்டும். பிளஸ் டூவில் படித்த பாடங்களிலேயே க்யூட் எழுதுங்கள். சுலபம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் படிக்காத பாடத்தைத் தேர்ந்தெடுத்து, மார்க் வாங்கியும் சீட் இல்லாமல் நிற்காதீர்கள்.

இன்னொரு கோபம், வேலை பற்றியது. பி.ஏ. எந்தக் கல்லூரியில் படித்தாலும் சரி, அதை வைத்து கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. வெறும் எம்.ஏ. சைக்காலஜி முடித்தாலும் அப்படியே. இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த படிப்பை முடித்து அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். இதுவரை அதற்கான முக்கிய வழி இரண்டு வருட எம்.ஃபில்., பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி சி.ஐ.பி. மாதிரி மனநல நிறுவனங்களில். அதையும் 2025-26 சேர்க்கையோடு நிறுத்துவதாக யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, அறிவித்தது, ஆர்.சி.ஐ. புதிய படிப்புகளைக் கொண்டு வந்திருக்கிறது. ஆகவே உங்கள் அக்கா போன வழியில் நீங்கள் போக முடியாமல் இருக்கலாம். "எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி" என்று பெயர் இருப்பதாலேயே ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதென்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஆர்.சி.ஐ. பட்டியலில் அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, அந்த ஆண்டு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

டெல்லி கிடைக்கவில்லை, தொலைதூரக் கல்வியில் போட்டுவிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: உளவியலைத் தொலைதூர, ஆன்லைன் வழியில் நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே யூஜிசி தடுத்துவிட்டது. மூன்று மாத டிப்ளமோவில் கவுன்சலர் ஆக்குகிறோம் என்பவர்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் கட்டுரை முடியாது.

ஒரு விஷயத்தை மட்டும் கோபமில்லாமல் சொல்கிறேன். தன் மனசே சரியில்லை, அதைப் புரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்பு என்று வருகிற பிள்ளைகளும் உண்டு. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, எங்கள் துறையில் அப்படி வந்த நல்லவர்கள் நிறையப் பேர். ஆனால் சிலபஸ் சிகிச்சை ஆகாதுப்பா. முதலில் யாரையாவது பாருங்கள், உடனே யாரும் இல்லையென்றால் 14416க்குப் போன் பண்ணுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசுவார்கள். விண்ணப்பத்திலும் நேர்காணலிலும் உங்கள் காயத்தை முழுசாகத் திறந்து காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

கடைசியாக, டெல்லியின் சீட் ஒதுக்கீட்டுத் தளத்தில் மூன்று பிரபலமான கல்லூரியை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். கமலா நேரு, கார்கி, தௌலத் ராம் என்று எத்தனை தகுதியோ அத்தனையும் வரிசைப்படுத்துங்கள். கிடைத்த சீட்டைக் கெடுவுக்குள் ஏற்காவிட்டால் அடுத்த சுற்றிலும் இடமில்லை. மேலே மாற வேண்டுமென்றால் ஏற்றுக்கொண்டு மாற்றம் கேளுங்கள். அப்புறம், நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற சான்றிதழை, சேருகிற நிதியாண்டின் தேதியில் வாங்க வேண்டும். ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள், தாலுகா ஆபீஸில் எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.