பேரை மறைக்கலாம், ‘உம்’மை மறைக்க முடியுமா?

திருநெல்வேலிக்காரங்களுக்கு எழுத ஒரு பேர் பத்தாது போல. சொ. விருத்தாசலம் கதை எழுதுனா புதுமைப்பித்தன், பாட்டு எழுதுனா வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை. ராஜவல்லிபுரம் ரா.சு. கிருஷ்ணசாமிதான் வல்லிக்கண்ணன், அவரே கோரநாதன், அவரே நையாண்டி பாரதி. கல்யாணசுந்தரம் கதைக்கு வண்ணதாசன், கவிதைக்கு கல்யாண்ஜி. இவங்க யாரும் ஒளிஞ்சுக்கல, ஊருக்கே தெரிஞ்ச விஷயம். ஆனா தெரியாமப் போயிருந்தா? நூறு வருசம் கழிச்சு ஒருத்தன் கையில பேரில்லாத ஒரு கட்டுரை கெடைக்குதுன்னு வைங்க, எழுத்தை மட்டும் வச்சு ஆளைச் சொல்ல முடியுமா? ஓரளவுக்கு முடியும். அதுக்குன்னே ஸ்டைலோமெட்ரின்னு ஒரு துறை இருக்கு, எழுத்து நடையை எண்ணிப் பாத்து ஆளைத் தேடுற வேலை.

எதை எண்ணுறதுங்கறதுலதான் விஷயமே இருக்கு. நம்மள்ல முக்காவாசிப் பேர் என்ன நினைப்போம், அந்த ஆளுக்கே உரிய அபூர்வமான வார்த்தையைத் தேடணும்னு நினைப்போம். அது சரிவராது. ‘ஏலே’, ‘வே’, ‘அண்ணாச்சி’ இதெல்லாம் ஊர் சொத்து, பாளையங்கோட்டைல பொறந்த நாலு எழுத்தாளர் எழுதுனா நாலுலயும் வரும், மெட்ராஸ்காரர் ஒருத்தர் நெனச்சா அவரும் நாலு ‘லே’ போட்டு திருநெல்வேலிக் கதைன்னு கொடுத்துருவாரு (கொடுத்துருக்காங்க, படிச்சு நொந்துருக்கேன்). தாமிரபரணி, பனை, தேரி மண்ணு இதெல்லாம் எதைப் பத்தி எழுதுறோம்ங்கறதைத்தான் காட்டும், யார் எழுதுறாங்கறதைக் காட்டாது.

அப்போ மிச்சம் என்ன? யாருமே கண்டுக்காத சின்ன வார்த்தைங்க. ஆனால், அப்புறம், கூட, தான், போல, மட்டும், என்று. எந்தக் கதையா இருந்தாலும் இதெல்லாம் இல்லாம எழுத முடியாது, எழுதுறவரும் இதை யோசிச்சுப் போடுறதில்ல, கை தன்னால போடுது. நம்மூர் சொதி மாதிரிதான், எல்லா வீட்டுலயும் அதே தேங்காப்பால், அதே பாசிப்பருப்பு, ஆனா ஒரு வாய் வச்சதும் இது பெரியம்மா கைன்னு தெரிஞ்சுரும்ல, சாமான்ல இல்ல வித்தியாசம், அளவுல இருக்கு.

இதை மொதல்ல எண்ணிப் பாத்தது இலக்கியக்காரங்க இல்லங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 1887ல மெண்டன்ஹால்னு ஒரு அமெரிக்க இயற்பியல்காரர், ஒவ்வொரு எழுத்தாளரும் ரெண்டெழுத்து வார்த்தை எத்தனை, மூணெழுத்து வார்த்தை எத்தனை போடுறாங்கன்னு எண்ணி வரைபடம் போட்டாரு. வார்த்தை நீளம் மட்டும் பத்தாதுன்னு பின்னாடி தெரிஞ்சுது. நெஜமான திருப்பம் 1964ல வந்துச்சு. அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரிச்சு 1787-88ல ‘பப்ளியஸ்’ங்கற ஒரே புனைபேர்ல ஹாமில்டன், மேடிசன், ஜே மூணு பேரும் சேர்ந்து 85 கட்டுரை எழுதுனாங்க, அதுல 12 கட்டுரையை எழுதுனது ஹாமில்டனா மேடிசனாங்கற சண்டை நூத்தம்பது வருசத்துக்கு மேல ஓடுச்சு. ரெண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி நீள வாக்கியத்துல எழுதுற ஆளுங்க, படிச்சா பிரிக்கவே முடியாது. மோஸ்டெல்லர், வாலஸ்னு ரெண்டு புள்ளியியல்காரங்க சின்ன வார்த்தைகளை எண்ணுனாங்க. ‘அப்பான்’ (upon)ங்கற ஒரு இங்கிலீஷ் சொல்லை ஹாமில்டன் ஆயிரம் வார்த்தைக்கு சுமார் 3 தடவை போடுறாரு, மேடிசன் கிட்டத்தட்ட போடுறதே இல்ல. இப்படி பல சொல்லைச் சேத்துக் கணக்குப் போட்டதுல 12ம் மேடிசன் பக்கம் சாஞ்சுது. ரெண்டு பேருக்கும் தன்கிட்ட இப்படி ஒரு பழக்கம் இருந்தது தெரிஞ்சிருக்குமான்னே சந்தேகம்.

இப்ப பரவலா புழங்குற முறை ஆஸ்திரேலியாவுல ஜான் பரோஸ் 2002ல கொடுத்த ‘டெல்டா’. ரொம்ப சிம்பிள். எல்லா எழுத்தாளர்களோட எழுத்தையும் ஒண்ணாப் போட்டு அதிகமா வர்ற நூத்தம்பது சொல்லை எடுத்துக்கணும். ஒவ்வொண்ணுக்கும் சராசரி என்ன, ஆளுக்கு ஆள் எவ்வளவு விலகுதுன்னு பாக்கணும். சும்மா உதாரணத்துக்கு, ‘ஆனால்’ எல்லார்கிட்டயும் சராசரியா ஆயிரத்துக்கு 8, விலகல் 2ன்னு வைங்க, அந்த 2தான் ஒரு படி. மர்மக் கட்டுரைல 12 வந்தா அது சராசரிக்கு மேல ரெண்டு படி. முதல் ஆள் வழக்கமா 11 போடுவாரு, அதாவது மேல ஒண்ணரைப் படி. ரெண்டாவது ஆள் 5, கீழ ஒண்ணரைப் படி. முதல் ஆளுக்கும் கட்டுரைக்கும் இடைவெளி அரைப் படி, ரெண்டாவது ஆளுக்கு மூணரை. இப்படி நூத்தம்பது சொல்லுக்கும் இடைவெளியைக் கண்டுபிடிச்சு சராசரி எடுத்தா யாருக்குக் கம்மியா வருதோ அவருதான் கிட்டக்க இருக்குற ஆளு. படி கணக்கு எதுக்குன்னா, இல்லாட்டி ஆயிரம் தடவை வர்ற சொல் ஒண்ணே மத்த எல்லாத்தையும் அமுக்கிரும்.

‘கிட்டக்க இருக்குற ஆளு’ன்னுதான் சொன்னேன், ‘எழுதுன ஆளு’ன்னு சொல்லல. 2013ல ராபர்ட் கால்பிரெய்த்ங்கற புதுப் பேர்ல வந்த துப்பறியும் நாவல் உண்மையில ஜே.கே. ரௌலிங் எழுதுனதான்னு ஒரு பத்திரிகை கேட்டப்போ, பேட்ரிக் ஜுவோலாங்கற கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் ரௌலிங்கோட சேத்து இன்னும் மூணு எழுத்தாளர்களையும் வச்சுத்தான் ஒப்பிட்டாரு, நாலு பேர்ல ரௌலிங்தான் பொருந்துறாருன்னு வந்துச்சு, அப்புறம் அவங்களே ஒத்துக்கிட்டாங்க. உண்மையா எழுதுனவர் அந்தப் பட்டியல்லயே இல்லன்னாலும் கம்ப்யூட்டர் யாரையாவது ஒருத்தரைக் கை காட்டும். இதை மறந்துட்டு பேசுறவங்க கிட்ட கொஞ்சம் சூதானமா இருக்கணும்.

தமிழுக்கு வந்தா கதை சிக்கலாகுது. இங்கிலீஷ்ல தனியா நிக்கிற சின்னச் சொல்லெல்லாம் நம்மகிட்ட வாலா ஒட்டிக்கிட்டு கெடக்கு. ‘அவனும்’, ‘அவனுக்குத்தான்’, ‘வந்ததாகவும்’. இடைவெளியை வச்சு வார்த்தை எண்ணுனா உம், தான், ஆக எல்லாம் உள்ள ஒளிஞ்சுக்கும். அதனால மூணு நாலு எழுத்துத் துண்டா வெட்டி எண்ணுறது நல்லா வேலை செய்யும். அதுலயும் ஒரு தொல்லை, ‘கொ’ங்கற எழுத்தை யூனிகோட்ல ரெண்டு விதமா சேமிக்கலாம், கண்ணுக்கு ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற. அதைச் சரி பண்ணாம ஓட்டுனா எழுத்தாளரைக் கண்டுபிடிக்க மாட்டீங்க, டைப் அடிச்சவரைக் கண்டுபிடிப்பீங்க. ஒற்றும் அப்படித்தான், ‘அதைப் பார்த்தான்’ல அந்த ‘ப்’பை வச்சது ஆசிரியரா, ப்ரூஃப் பாத்தவரா? இதையெல்லாம் தாண்டியும் செஞ்சிருக்காங்க, ‘இந்தியா’ பத்திரிகைல பேர் போடாம வந்த கட்டுரைகள்ல எது பாரதியோடதுன்னு புள்ளியியல் வச்சு ஆராய்ஞ்சிருக்காங்க.

இந்த எடத்துலதான் தத்துவக்காரங்க உள்ள வராங்க. 1967ல ரோலான் பார்த் ‘ஆசிரியர் செத்தாச்சு’ன்னாரு, எழுத்து எழுதுனவனுக்குச் சொந்தமில்ல, மொழியே பேசுதுன்னு. ரெண்டு வருசத்துல ஃபூக்கோ, ஆசிரியர்ங்கறது ஆள் இல்ல, எழுத்தை வகைப்படுத்த நாம போட்டு வச்சிருக்குற ஒரு ஏற்பாடுன்னாரு. எண்ணிக்கைக்காரங்க ஆசிரியர் உயிரோடதான் இருக்காருன்னு நிரூபிச்சுட்டாங்கன்னு சிலர் குதிக்கிறாங்க, எனக்கு அது ஒப்பல. டெல்டா கண்டுபிடிக்கிறது ஒரு பழக்கத்தை. அவர் என்ன சொல்ல வந்தாரு, அவர் மனசு என்ன, அனுபவம் என்ன, எதுவும் அதுல இல்ல. நாம ‘நான்’ன்னு பெருமையாச் சொல்லிக்கிற பகுதி எதுவும் அந்த எண்ணுல வராது, நமக்கே தெரியாத பகுதிதான் வருது.

நம்ம பழைய ஆளுங்க இதை வேற மாதிரி கையாண்டாங்க. அகப்பாட்டுல யார் பேரையும் சுட்டிச் சொல்லக் கூடாதுன்னு தொல்காப்பியம் விதி போட்டுருச்சு. எழுதுனவர் பேரும் தொலைஞ்சு போன எடத்துல, பாட்டுல இருக்குற ஒரு தொடரையே எடுத்து ஆளுக்குப் பேரா வச்சுட்டாங்க, செம்புலப்பெயல்நீரார், அணிலாடுமுன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார். இவங்களுக்கெல்லாம் டெல்டா போட வழியே இல்ல, சில வரியை வச்சுக்கிட்டு எண்ணி என்ன பண்ண.

நீளம் முக்கியம். எண்ண எடுக்குற எழுத்து (சாம்பிள்) ஒவ்வொண்ணும் 5000 வார்த்தைக்குக் கீழ போனா நம்பிக்கை குறையுதுன்னு சோதனைல தெரிஞ்சிருக்கு. வகையும் முக்கியம், ஒரே ஆள் எழுதுன கவிதையையும் கதையையும் போட்டா கம்ப்யூட்டர் பல நேரம் ஆளைப் பிரிக்காது, கவிதையையும் கதையையும்தான் பிரிக்கும், அதனால கல்யாண்ஜியையும் வண்ணதாசனையும் ரெண்டு பேர்னு சொன்னாலும் சொல்லும். மொழிபெயர்ப்புல இன்னும் வேடிக்கை, மொழிபெயர்த்தவரை விட மூல ஆசிரியரோட சாயல்தான் பெரும்பாலும் மேல வருது. வேணும்னே வேற ஒருத்தர் மாதிரி எழுதச் சொல்லி 2012ல சோதிச்சுப் பாத்தாங்க, எழுத்துப் பயிற்சி இல்லாத சாதாரண ஆளுங்களே இந்த முறைகளை குருட்டு யூகம் அளவுக்கு இறக்கிட்டாங்க. ஆனா அதெல்லாம் சில நூறு வார்த்தை, ஒரு முழு நாவலுக்கு அந்த வேசத்தைக் கட்டிக்கிட்டு இருக்கறது லேசான காரியமில்ல.

கை அரிச்சா நீங்களே செஞ்சு பாக்கலாம், ‘ஸ்டைலோ’ன்னு இலவச மென்பொருள் இருக்கு. மறுபதிப்பை எடுக்காதீங்க, பதிப்பகத்துக்காரங்க எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கி வச்சிருப்பாங்க, கெடைச்சா முதல் பதிப்பையோ பத்திரிகைல வந்ததையோ எடுங்க. ஒருத்தரோட சிறுகதைக்கு இன்னொருத்தரோட சிறுகதை, கட்டுரைக்குக் கட்டுரை. குடும்ப வாட்ஸப் குரூப்ல வர்ற அம்பது வார்த்தை ஃபார்வர்டை எந்த சித்தப்பா எழுதுனாருன்னு மட்டும் இதுல கேக்காதீங்க.