பள்ளத்தாக்கைக் குறுக்கே கடக்கும் ஆறு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் நகர மையத்திலிருந்து 4 கிலோமீட்டர் வடக்கே, கொலராடோ ஆற்றின் மேல் நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்றே ஒரு பாலம் உண்டு. இந்த ஊரைப் புரிந்துகொள்ள அந்தப் பாலத்தில் கால் மணி நேரம் நின்றாலே போதும். வடகிழக்கே செங்குத்தான செம்பாறைச் சுவர். அதிலிருக்கும் ஒரு பிளவிலிருந்து ஆறு வெளியே வருகிறது. பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம், தென்மேற்கே, அதே உயரத்தில் இன்னொரு சுவர். அதிலுள்ள பிளவுக்குள் ஆறு நுழைந்து மறைகிறது. பள்ளத்தாக்கோ வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. ஆறு அதன் நீளவாக்கில் ஓடாமல், தெருவைக் கடக்கும் ஆளைப் போலக் குறுக்கே கடந்து போகிறது.

ஆறு அரித்துத்தான் பள்ளத்தாக்கு உண்டாகும் என்று படித்திருக்கிறோம். அப்படியானால் இந்தப் பள்ளத்தாக்கை யார் தோண்டியது? அடியில் கிடக்கும் உப்பு.

மோவாப் சிறிய ஊர். மக்கள்தொகை 5,000-ஐச் சற்றே தாண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரம், ஆண்டு மழை ஏறக்குறைய 230 மில்லிமீட்டர். விவிலியத்தில் வரும் மோவாப் நாட்டின் பெயரேதான் இதற்கும். இங்கே வருகிறவர்கள் பாறை வளைவுகளைப் பார்க்கிறார்கள், படகு விடுகிறார்கள், மலைச் சைக்கிள் ஓட்டுகிறார்கள். இந்த நிலத்தை இப்படி வடிவமைத்ததில் பெரும் பங்கு உப்புக்கு என்பது பெரும்பாலோர் கவனத்துக்கு வருவதில்லை.

சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடலோடு அரைகுறையாகத் தொடர்புகொண்ட ஒரு பெரிய பள்ளம் இருந்தது. கடல்நீர் உள்ளே வரும். தொடர்பு குறைந்ததும் வெயிலில் காயும். காயும்போது முதலில் ஜிப்சம் படியும். நீரில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியான பிறகுதான் சாப்பாட்டு உப்பு படியத் தொடங்கும். பொட்டாசியம் உப்புகள் கிட்டத்தட்ட எல்லா நீரும் போன கடைசிக் கட்டத்தில் வரும். 1,000 மீட்டர் ஆழக் கடல் முழுவதும் வற்றினாலும் 15 மீட்டர் அளவுக்குத்தான் உப்பு மிஞ்சும். இங்கே கிலோமீட்டர் கணக்கில் உப்பு சேர்ந்திருப்பதால், பள்ளம் மறுபடி மறுபடி நிரம்பிக் காய்ந்திருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணறுகளில் எடுத்த பாறை மாதிரிகளில் குறைந்தது 29 சுற்றுகள் எண்ணப்பட்டிருக்கின்றன.

பிறகு வடகிழக்கே இருந்த மலைத்தொடர் தேய்ந்து, மணலும் சரளையும் அந்த உப்பின்மேல் குவிந்தன. உப்பு நடந்துகொள்ளும் விதம் மற்றப் பாறைகளைப் போன்றதல்ல. கையில் எடுத்தால் கட்டியாக இருக்கும், சுத்தியலால் அடித்தால் உடையும். ஆனால் பல நூறு மீட்டர் மண்ணின் பாரம் நெடுங்காலம் அழுத்தினால் மெல்ல வழியும். அழுத்தினாலும் அதன் அடர்த்தி கூடாது, ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.2 கிராம் அளவிலேயே நிற்கும். மேலே உள்ள மணலும் சேறும் இறுகிப் பாறையாகும்போது அதைவிடக் கனத்துவிடும். கனமானது மேலே, இலேசானது கீழே. அதுவும் ஒரு பக்கம் பாரம் கூடுதல். நடவு வயலில் ஒரு காலை அழுத்தி ஊன்றினால் பக்கத்தில் சேறு பிதுங்கி எழுமே, அதுதான் நடந்தது. அடித்தளப் பாறையில் வடமேற்கு–தென்கிழக்காக ஓடிய பழைய பிளவுகள் வழிந்த உப்பைத் தடுத்து, நீண்ட வரிசைகளாக மேலே திருப்பிவிட்டன. இப்படி எழுந்த உப்புச் சுவர்கள் சில இடங்களில் 3 கிலோமீட்டருக்கும் மேல் தடிமன் கொண்டவை. அவற்றின்மேல் இருந்த மணற்கல் அடுக்குகள் கூரைபோல வளைந்தன.

கொலராடோ பீடபூமி உயர்ந்து, ஆறுகள் ஆழமாக வெட்டத் தொடங்கியபோது ஆட்டம் மாறியது. நிலத்தடி நீர் உப்புச் சுவரின் உச்சியைத் தொட்டது. உப்பு கரைந்தது. தாங்க ஆளில்லாமல் கூரை உள்ளே இறங்கியது. இதுதான் மோவாப் பள்ளத்தாக்கு: அரித்து உண்டானது என்பதைவிட, அமிழ்ந்து உண்டானது என்பதே பொருத்தம். ஆறு தன் பாதையைப் போட்டது அதற்கு முன்பே, மேலே கிடந்த அடுக்குகளில். கீழே உப்பு எந்தத் திசையில் நீண்டிருக்கிறது என்பது ஆற்றுக்குப் பொருட்டே அல்ல. ரம்பம் போல நேரே கீழே அறுத்துக்கொண்டே வந்தது. அதனால்தான் அது ஒரு சுவரிலிருந்து வெளியே வந்து இன்னொரு சுவருக்குள் நுழைகிறது. கிழக்கே, கொலராடோ மாநிலத்தில், டொலோரஸ் ஆறு இதேபோல் இன்னொரு பள்ளத்தாக்கைக் குறுக்கே கடக்கிறது. அந்தப் பள்ளத்தாக்குக்கு ‘பாரடாக்ஸ்’, அதாவது முரண், என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மோவாப் பள்ளத்தாக்கின் தரை இன்றும் மிக மெதுவாக அமிழ்ந்துகொண்டிருக்கிறது. ஆறு கடக்கும் இடத்தில் நீர் தேங்கி, ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே சுமார் 900 ஏக்கர் சதுப்பு நிலம் இருப்பது அதனால்தான்.

ஆற்றங்கரை ஊராக இருந்தும் மோவாப் ஆற்றைக் குடிப்பதில்லை. குழாயில் வருவது ஊற்றுநீரும் கிணற்றுநீரும். தென்கிழக்கே 3,800 மீட்டரைத் தாண்டி நிற்கும் லா சால் மலைகளில் விழும் பனி உருகி, நவாஹோ, விங்கேட் போன்ற மணற்கல் அடுக்குகளில் இறங்கி, மலையடிவாரத்தில் ஊறி வருகிறது. ‘லா சால்’ என்றால் ஸ்பானிய மொழியில் உப்பு. ஆற்றில் ராக்கி மலைப் பனியின் நீர் மே கடைசியிலும் ஜூனிலும் பெருகி வரும். 1984 மே மாதத்தில், ஆறு மோவாப்பை அடையும் முன், அதன் ஓட்டம் வினாடிக்கு ஏறக்குறைய 2,000 கன மீட்டரைத் தொட்டது. வெள்ள நாள்களில் நீர் செஞ்சேறாக இருக்கும். வடிகட்டியில் ஊற்றினால் சில லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். ஆற்றுநீரைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் வாளியில் ஓர் இரவு தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுத்து வடிகட்ட வேண்டும்.

பாலத்துக்கு அருகே ஆற்றின் வடமேற்குக் கரையில் 1956 முதல் 1984 வரை யுரேனியம் பிரித்தெடுக்கும் ஆலை இயங்கியது. அது விட்டுப்போன கழிவு 1.6 கோடி டன். அதிலிருந்து அம்மோனியா நிலத்தடி வழியாக ஆற்றுக்குக் கசிந்து மீன்குஞ்சுகளைப் பாதித்தது. 2009-இல் அதை ரயிலில் ஏற்றி, 48 கிலோமீட்டர் வடக்கே கிரெசன்ட் ஜங்ஷன் அருகே புதைக்கத் தொடங்கினார்கள். பெரும்பகுதி போய்விட்டது. வெள்ளம் வரும் ஆற்றின் கரையில் அதைக் கொட்ட இடம் கொடுத்ததே பெரும் பிழை. தாமதமானாலும் இந்த வேலை நடப்பது நிம்மதி.

ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா ஊரிலிருந்து 8 கிலோமீட்டர். அங்கே 2,000-க்கும் மேற்பட்ட பாறை வளைவுகள் உண்டு. ஏதாவது ஒரு திசையிலாவது 90 சென்டிமீட்டர் திறப்பு இருந்தால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். ஒரே இடத்தில் இத்தனை ஏன்? அடியில் உப்பு எழுந்து வளைத்ததாலும் பிறகு கரைந்து இறங்கியதாலும் மேலே உள்ள என்ட்ராடா மணற்கல், சில மீட்டர் இடைவெளியில் இணையான கோடுகளாக விரிசல் விட்டது. மழைநீர் விரிசல்களை அகலப்படுத்த, நடுவே மெல்லிய பாறைச் சுவர்கள் மிஞ்சின. மீன் துடுப்பு என்றே அவற்றுக்குப் பெயர். மணலைப் பிடித்துவைத்திருப்பது சுண்ணாம்பு. மழைநீரின் இலேசான அமிலம் அதைக் கரைக்கிறது. குளிர்காலத்தில் விரிசலுக்குள் நீர் உறைந்து விரிந்து சில்லுகளைப் பெயர்க்கிறது. சுவரின் அடியில் மென்மையான அடுக்கு இருந்தால் அங்கே முதலில் துளை விழும். துளை வளைவாக நிலைப்பது ஏன் என்பதற்கு 2014-இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் சோதனை செய்து காட்டினார்கள்: பாரம் அழுத்தும் இடத்தில் மணல்மணிகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு அரிப்பை எதிர்க்கின்றன, பாரம் இல்லாத மணல் உதிர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது பாரத்தைச் சுமக்கும் வளைவு மட்டுமே. அதுவும் நிரந்தரமில்லை. 93 மீட்டர் நீளமுள்ள லேண்ட்ஸ்கேப் வளைவிலிருந்து 1991 செப்டம்பர் 1 அன்று 18 மீட்டர் நீளப் பலகை ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதன் அடியில் நடந்துபோகும் பாதையைப் பிறகு மூடிவிட்டார்கள்.

ஆற்றையொட்டி 279-ஆம் எண் சாலையில் கீழே போனால் பொட்டாஷ் ஆலை வரும். உரத்துக்கான பொட்டாசியம் குளோரைடு இங்கே எடுக்கப்படுகிறது. முதலில் சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் சுரங்கம் வெட்டினார்கள். 1963 ஆகஸ்டில் எரிவாயு வெடித்து 18 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பின்னும் வேலை சீராகவில்லை. வழிந்த உப்பு பொட்டாஷ் அடுக்கையும் மடித்து நெளித்திருந்ததால் இயந்திரம் அதைத் தொடர்ந்து போக முடியவில்லை. வெப்பமும் வாயுவும் விடவில்லை. 1970-களின் தொடக்கத்தில் சுரங்கத்துக்குள் ஆற்றுநீரையே விட்டுக் கரைத்து எடுக்கும் முறைக்கு மாறினார்கள்.

மேலே வரும் உப்புநீர் சுமார் 400 ஏக்கர் பாத்திகளில் பாய்கிறது. தரையில் கனத்த நெகிழித் தாள் விரித்திருக்கும். கிழிந்தால் உப்புநீர் ஆற்றுப் பக்கம் போய்விடும். பாத்திகள் பளிச்சென்ற நீலமாக இருப்பது சாயம். தெளிந்த உப்புநீரில் வெயில் அடிவரை போய், வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பிவிடும். சாயம் அதை நீரிலேயே பிடித்துச் சூடாக்க, ஆவியாவது விரைகிறது. நீர் வற்ற வற்ற நிறம் வெளுக்கும். எனவே அடர்நீலப் பாத்தி புதியது, வெளிறியது அறுவடைக்கு நெருங்கியது. பெருமழை பெய்தால் படிந்தது மறுபடி கரைந்து, காய்ச்சல் வேலை பின்தங்கும். அறுவடையில் சாப்பாட்டு உப்பும் பொட்டாஷும் கலந்தே வரும். நல்ல நீரில் அலசினால் இரண்டும் கரைந்துவிடும். ஆகவே ஏற்கெனவே உப்பால் நிறைந்த நீரில் கலக்கி, பொட்டாஷ் மணிகளில் மட்டும் ஒட்டும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்துக் காற்றை ஊதுகிறார்கள். குமிழ்கள் பொட்டாஷை நுரையோடு மேலே தூக்கிவருகின்றன; சாப்பாட்டு உப்பு அடியில் தங்குகிறது.

போகிறவர்களுக்குச் சில செய்திகள். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும். டெலிக்கேட் வளைவுக்கு ஏறி இறங்க 4.8 கிலோமீட்டர், 146 மீட்டர் ஏற்றம், நிழல் கிடையாது, விடியலில் தொடங்குங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் நீர் வேண்டும். காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை தோலில் நிற்காது, வியர்க்கவே இல்லை என்று தோன்றும். ஆனால் உப்பு போய்க்கொண்டேயிருக்கும். வெறும் நீரை மட்டும் மணிக்கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் நீர் குடிப்பதுதான் ஆபத்து. மணிக்கொரு முறை உப்புக் கடலையோ, உப்பு–சர்க்கரைக் கரைசலோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மாலை இடிமழை பெய்யும். வழுக்குப் பாறை நீரை உறிஞ்சாது, தொலைவில் பெய்த மழை வறண்ட ஓடையில் சுவராக வரும். குறுகிய பள்ளங்களுக்குள் அப்போது இறங்கக் கூடாது. கறுத்து மேடுபள்ளமாகத் தெரியும் மண் உயிருள்ளது. நுண்ணுயிர் இழைகள் மணலைக் கட்டிவைத்திருக்கின்றன. ஒரு மிதி ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். பாறைமேலோ ஓடை மணலிலோ நடங்கள்.

உப்பின் வேலையை வரிசையாகப் பார்க்க விரும்பினால், முதலில் பாலம். அடுத்து ஆர்ச்சஸ் வரவேற்பு மையம் தாண்டி ஏறும் சாலையில் ‘மோவாப் பிளவு’ என்ற நிலப்பிளவைக் காட்டும் நிறுத்தம். அதன் இரு பக்கப் பாறைகளும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 790 மீட்டர் நழுவியிருக்கின்றன. பிறகு 128-ஆம் எண் சாலையிலிருந்து பிரியும் ஆனியன் கிரீக். உப்பு தூக்கிவந்த ஜிப்சம் சாம்பல் குன்றுகளாக நிற்கும், ஓடைநீரில் கந்தக நாற்றம் அடிக்கும். ஆனால் அங்கும் உப்பைக் காண முடியாது. மழை எப்போதோ கரைத்துக்கொண்டு போய்விட்டது. அதைக் கண்ணால் பார்க்க 51 கிலோமீட்டர் தள்ளி டெட் ஹார்ஸ் பாயின்ட்டுக்குப் போக வேண்டும். ஆற்றுக்கு 600 மீட்டர் மேலே நின்று கிழக்கே பார்த்தால், செம்பாறைகளுக்கு நடுவே நீலப் பாத்திகள் தெரியும். ஓரங்களில் வெள்ளையாகக் காய்ந்து கிடப்பது அந்தப் பழைய கடலின் உப்பு.