யாரும் ஏறாத ஸ்டேசனில் வண்டி ஏன் நிற்கிறது?

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் உள்ள பகாவ் ஸ்டேசனில் ஏறி இறங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பஸ்ஸும் சொந்தக் காரும் வந்து வெகுநாளாகிறது. சுற்றுத் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; லயத்துக் குடும்பங்களில் பாதிக்குமேல் பட்டணம் போய்விட்டன. ஆனாலும் சிறுவயதில் நான் பார்த்திருக்கிறேன்: ஒரு சரக்கு வண்டி வரும், ஆளில்லாத மேடையருகே வெகுநேரம் நிற்கும், அப்புறம் போய்விடும். எதையும் ஏற்றுவதுமில்லை, இறக்குவதுமில்லை.

அது எதிர் வண்டிக்காகக் காத்திருந்தது.

கெமாஸிலிருந்து தும்பாட் வரை 500 கிலோமீட்டருக்குமேல் நீளும் கிழக்குக்கரைப் பாதை ஒற்றைத் தண்டவாளம். கெமாஸ் - பகாவ் பகுதி 1910இல் திறந்தது. முழுப் பாதையும் 1931இல் முடிந்தது. ஜப்பான்காரன் காலத்தில் இதன் பெரும்பகுதித் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத்து ஆட்களையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். அதைச் சொல்லாமல் இந்தப் பாதையைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒற்றைத் தண்டவாளத்தில் கண்ணை நம்பி வண்டி ஓட்ட முடியாது. இரும்புச் சக்கரம் இரும்பின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் அத்தனை பாரத்தையும் ஓர் எஞ்சின் இழுக்கிறது. அதனால்தான் பிரேக் போட்ட பிறகும் பல நூறு மீட்டர் ஓடுகிறது. காட்டு வளைவில் எதிர் வண்டி தெரியும்போது காலம் கடந்திருக்கும். 1874இல் இங்கிலாந்தின் தார்ப்பில் தந்திச் செய்தி ஒன்றில் நேர்ந்த குழப்பத்தால் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மனிதன் தவறினாலும் இயந்திரம் தவறவிடக்கூடாது என்று யோசித்த ஆங்கிலேயப் பொறியாளர் எட்வர்டு டயர், 1878இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார்.

அந்த யோசனையிலிருந்து வளர்ந்ததுதான் டோக்கன் முறை. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேசன்களிலும் ஆளுக்கொரு இரும்புப் பெட்டி, நடுவே மின்கம்பி. பெட்டிக்குள் சாவி போன்ற டோக்கன்கள் பல இருக்கும். ஒன்று கையில் இருந்தால்தான் டிரைவர் அந்த இரு ஸ்டேசன்களுக்கு இடைப்பட்ட பகுதிக்குள் நுழையலாம். இரண்டு பெட்டியிலும் சேர்த்து ஒரே ஒரு டோக்கன்தான் ஒரு நேரத்தில் வெளியே இருக்க முடியும்.

எப்படி? டோக்கன் வெளியே வந்தாலும் சரி, உள்ளே போனாலும் சரி, ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டி மின்னோட்டத்தின் திசையைப் புரட்டிவிடும். இரு பெட்டிகளின் திசையும் ஒத்திருந்தால்தான் பூட்டு விடுபடும். பகாவ் ஸ்டேசன் மாஸ்டர் மணியடித்துக் கேட்கிறார். அடுத்த ஸ்டேசன் மாஸ்டர் பொத்தானை அழுத்திப் பிடித்து மின்சாரம் அனுப்புகிறார். இங்கே ஒரு டோக்கன் வெளிவருகிறது. வந்ததும் இந்தப் பெட்டியின் திசை புரண்டுவிட்டது, அந்தப் பெட்டியின் திசை புரளவில்லை. இனி யார் எந்தப் பொத்தானை அழுத்தினாலும், இருவரும் சேர்ந்தே தவறு செய்தாலும், இரண்டாவது டோக்கன் வராது. வண்டி போய்ச் சேர்ந்து, அந்த டோக்கனை அங்குள்ள பெட்டியில் போட்டதும் அதுவும் புரளும். இரண்டும் மீண்டும் ஒத்துப்போகும். திசை புரண்டது ஒற்றைப்படை முறையா, இரட்டைப்படை முறையா என்ற சின்னக் கணக்குதான். இத்தனை எளிமையாக ஒரு காவல் இருக்க முடியும் என்பது இன்றும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

அடுத்த பகுதியின் டோக்கன் இந்தப் பெட்டிக்குள் நுழையாதபடி வடிவம் வேறாக இருக்கும். ஒரே திசையில் வண்டிகள் அதிகம் போனால் ஒரு பக்கப் பெட்டி காலியாகும். பராமரிப்பு ஆள் வந்து எதிர்ப் பெட்டியிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டும்.

இதில் சின்ன ஸ்டேசனின் பங்கு லூப் லைன், அதாவது வண்டி ஒதுங்கும் பக்கப் பாதை. இரண்டு ஸ்டேசன்களுக்கு இடையே 40 நிமிட ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வண்டி அதைக் கடந்து முடிக்கும்வரை எதிர் வண்டி காத்துக் கிடக்கும். நடுவில் லூப்புடன் ஒரு ஸ்டேசன் வந்தால் காத்திருப்பு 20 நிமிடம். ஏறக்குறைய இரு மடங்கு வண்டிகள் போய்வரலாம். அந்த ஸ்டேசனில் ஒரு பயணிகூட ஏற வேண்டியதில்லை.

நிற்காமல் போகும் வண்டிக்கு டோக்கனைப் பெரிய வளையத்தில் கோர்த்துத் தூக்கிப் பிடிப்பார்கள். மெதுவாக வரும் எஞ்சினிலிருந்து டிரைவர் கைநீட்டிப் பிடித்துக்கொள்வார். சிங்கப்பூரின் புக்கிட் தீமா ஸ்டேசனில் 2011 ஜூன் 30, கடைசி நாள் வரை இந்தக் கைமாற்று நடந்தது. இப்போது பல நாடுகளில் தண்டவாளத்தில் பொருத்திய உணரிகள் வண்டியின் அச்சுகளை எண்ணுகின்றன. உள்ளே போனவை அத்தனையும் வெளியே வந்த பிறகுதான் எதிர் சிக்னல் பச்சையாகும்.