சுத்தமான மெத்தனாலில் வெடித்த டைட்டானியம்

1966 அக்டோபரில் அப்பல்லோ விண்கலத்தின் சேவைப் பிரிவுத் தொட்டி ஒன்று அழுத்தச் சோதனையின்போதே வெடித்தது. உள்ளே இருந்தது ராக்கெட் எரிபொருள்கூட இல்லை. அதைவிட ஆபத்து குறைவு என்று நிரப்பிய மெத்தனால். தொட்டியோ 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் சேர்ந்த டைட்டானியக் கலவை. கடல்நீரையே சட்டை செய்யாத உலோகம் ஒரு வகை ஆல்கஹாலில் பிளந்துபோனது.

டைட்டானியத்தைக் காப்பது அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் படியும் ஆக்சைடு. கீறினால் உடனே மூடிக்கொள்ளும். அதற்கு ஆக்சிஜன் காற்றிலிருந்தோ நீரிலிருந்தோ கிடைக்க வேண்டும். இழுவிசை ஏறும்போது உலோகப் படிகங்கள் வழுக்கி, படலம் கிழிகிறது. நீரற்ற மெத்தனாலில் அந்தக் கிழிசல் ஆறுவதில்லை. துளி குளோரைடு கலந்திருந்தால், கிழிந்த இடம் மட்டும் கரைந்து, வெளிப்படும் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்க வைக்கிறது. இப்படி இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து உண்டாக்குவதுதான் தகைவு அரிப்பு விரிசல். அதைத் தடுக்க, அறை வெப்பநிலையில் மெத்தனாலில் சுமார் 2 சதவீத நீர் இருந்தால் தூய டைட்டானியத்துக்குப் போதும். வலுவான கலவைகளுக்கும் சூடான மெத்தனாலுக்கும் இன்னும் கூடுதலாக வேண்டும்.

அப்பல்லோ தொட்டி வெடித்ததற்கு முந்தைய ஆண்டே, ராக்கெட் எரிபொருளை எரிக்க உதவும் நைட்ரஜன் டெட்ராக்சைடை நிரப்பிய டைட்டானியத் தொட்டிகளும் விரிசல் விட்டிருந்தன. அங்கும் கெடுத்தது தூய்மைதான்: அதில் கலந்திருந்த நைட்ரிக் ஆக்சைடை நீக்கியதால் வந்த கேடு. ஒரு சதவீதத்துக்கும் குறைவாக அதைத் திரும்பச் சேர்த்ததும் சிக்கல் தீர்ந்தது.

கடல்நீரில் வழவழப்பான சோதனைத் துண்டு தப்பிவிடும். கூரிய விரிசல் ஏற்கெனவே இருந்தால், சில கலவைகள் காற்றில் தாங்கும் சுமையைவிட மிகக் குறைவான சுமையிலேயே உடையும். அலுமினியமும் ஆக்சிஜனும் கூடக்கூட ஆபத்தும் கூடும். அதனால்தான் ஆக்சிஜனை 0.13 சதவீதத்துக்குள் அடக்கிய தனித் தரம் விற்பனைக்கு இருக்கிறது.

குழி அரிப்பு அபூர்வம். அறை வெப்பநிலையில், குளோரைடு நீரில் தூய டைட்டானியத்தில் குழி விழ 8 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் வேண்டும். புரோமைடில் அதைவிட மிகக் குறைவே போதும். உண்மையான தலைவலி கேஸ்கெட்டுக்கு அடியில், 70 டிகிரிக்கு மேல் தொடங்கும் இடுக்கு அரிப்புதான். அங்கே 0.12 முதல் 0.25 சதவீதம் பல்லேடியம் சேர்த்த தரம் உதவும். எஃகுத் தூரிகையால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகளும் கேடு. நைட்ரிக்–ஹைட்ரோஃபுளோரிக் அமிலக் கலவையில் கழுவ வேண்டும். நைட்ரிக் பல மடங்கு கூடுதலாக இல்லையென்றால் கழுவலே ஹைட்ரஜனை உள்ளேற்றிவிடும்.

சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடாக்கப்போகும், உள்ளே இழுவிசை தங்கியிருக்கும் டைட்டானியப் பாகத்தை வெறும் கையால் தொடாதீர்கள். விரல்ரேகையில் உள்ள வியர்வை உப்பே விரிசலுக்கு விதை.